ரதி அழுகிற இரவு

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



இன்றைய பேச்சுக்கு விஷயம் தேடி நான் அலையவில்லை. அது தபாலில் வந்தது. மாவனல்லைக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிற ஒரு றப்பர்த் தோட்டத்துப் பாடசாலையில் என்னிடம் படித்த பையன் ஒருவன் டென்மார்க்கில் இருக்கிறான். வட்ஸ்அப் வந்த பிறகும் கையால் கடிதம் எழுதுகிற அபூர்வப் பிறவி. மீன் பதனிடும் வேலைக்கென்று ஃபரோ தீவுகளுக்குப் போனவன், அங்கே ஒரு கரையோரப் பட்டினத்தில் பார்த்த கோடைத் திருவிழாவைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தான். கடிதத்தின் கடைசி வரி இது: “சேர், நம்ம தோட்டத்துக் காமன் மாதிரியே இருந்துச்சு. ஆனா இவங்ககிட்ட தப்பு இல்ல, காலாலேயே அடிக்கிறாங்க.”

அந்த ஒரு வரி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. முதலில் அந்த ஊர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கொட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, வட அத்திலாந்திக் கடலில் 18 தீவுகள். மொத்த சனத்தொகை 50,000 சொச்சம். நமது கேகாலை மாவட்டத்தில் அதைவிடப் பல மடங்கு சனம் இருக்கிறது. அந்தத் தீவுக் கூட்டத்தின் தென்கோடித் தீவிலே வாகுர், துவொரோயிரி என்று இரண்டு பட்டினங்கள். ஜூன் மாதக் கடைசியில், யோவான் பெயரால் வரும் கோடை விழாவை ஒரு வருடம் இந்தப் பட்டினம், மறு வருடம் அந்தப் பட்டினம் என்று முறை வைத்து நடத்துகிறார்கள். பகலிலே படகுப் போட்டி. இரவிலே ஆட்டம். இரவு என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன், அந்த மாதத்தில் அங்கே சரியாக இருட்டுவதே இல்லை. ஆணும் பெண்ணும் கிழவரும் குழந்தையும் கைகோத்து வளையமாக நின்று, இடப்பக்கம் இரண்டடி, வலப்பக்கம் ஓரடி என்று நகர்கிறார்கள். வாத்தியம் கிடையாது. தரையில் மிதிக்கிற காலடிதான் தாளம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் எல்லோரும் பல்லவியைப் பிடித்துக்கொள்கிறார்கள். பாட்டு நூற்றுக்கணக்கான அடிகள் போகும். நாகத்தைக் கொன்ற சிகுர்த் என்ற வீரனின் கதை அவற்றிலே பெயர் பெற்றது.

இதிலே இலக்கியக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் அங்கே சமயச் சீர்திருத்தம் வந்தபோது கோயிலுக்கும் கோர்ட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் டேனிஷ் மொழி வந்து உட்கார்ந்துகொண்டது. சொந்த மொழியை எழுதும் வழக்கம் அற்றுப்போயிற்று. அப்புறம் கிட்டத்தட்ட இரண்டரை நூற்றாண்டு அந்த மொழி வீட்டுப் பேச்சிலும் இந்த ஆட்டப் பாட்டிலும்தான் உயிர் வைத்திருந்தது. 1781, 1782ஆம் ஆண்டுகளில் ஸ்வாபோ என்பவர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைக் காதால் கேட்டு எழுதினார். 1846இல் ஹம்மர்ஷைம்ப் என்ற பாதிரியார் அந்த மொழிக்கு ஒழுங்கான எழுத்துமுறை வகுத்தார். 1948இல் தன்னாட்சிச் சட்டம் வந்தபோது அதுவே தீவுகளின் முதன்மை மொழி ஆயிற்று.

1948. அதே வருடத்தில் இங்கே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, தோட்டத்து சனம் நாடில்லாதவர்கள் ஆனார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனாலும் வருடத்தைப் பார்த்ததும் பேனா நின்றுவிட்டது.

இனி நம்முடைய காமனுக்கு வருவோம்.

காமனுக்கு விழா எடுப்பது தமிழருக்குப் புதிதல்ல. கலித்தொகையிலே காமன் விழா பேசப்படுகிறது. ஆண்டாள் தன் நாச்சியார் திருமொழியைத் தொடங்குவதே காமனை வேண்டித்தான், அதுவும் தை, மாசி என்று மாதக் கணக்கோடு. சிலப்பதிகாரத்தில் தேவந்தி கண்ணகியிடம் வந்து, காவிரி கடலோடு கலக்கிற இடத்துக் குளங்களில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் பிரிந்த கணவன் திரும்புவான் என்று சொல்கிறாள். கண்ணகி, அது எனக்குப் பெருமை அல்ல என்று மறுத்துவிடுகிறாள். புகார் நகரத்துக் காமன் கோயிலைக் கடல் கொண்டுபோய்விட்டது. மறுத்த கண்ணகியோ பத்தினித் தெய்யோவாக இந்தச் சப்ரகமுவா மண்ணில் சிங்கள மக்களின் வணக்கத்தைப் பெற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் தள்ளிவைத்த காமன், கூலிக் கப்பலேறி வந்த சனத்தோடு வந்து இதே மண்ணில் லயத்துப் பொட்டலில் கம்பமாக நிற்கிறான். இதை ஏதோ பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. நினைக்கும்போது ஒரு புன்சிரிப்பு வருகிறது, அவ்வளவுதான்.

கதை நேயர்களுக்குத் தெரிந்ததுதான். சிவன் தவத்தில் இருக்கிறார். சூரனை அடக்க அவருக்கு ஒரு பிள்ளை வேண்டும். தவத்தைக் கலைக்க இந்திரன் காமனை அனுப்புகிறான். ரதி தடுக்கிறாள். காமன் போகிறான், அம்பு விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பலாகிறான். ரதி அழுகிறாள். அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவனுக்கு உயிர் கிடைக்கிறது. சோழநாட்டிலே திருக்குறுக்கை என்ற தலத்தை இதற்கு இடமாகச் சொல்வார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி பிரிந்து விடிய விடிய லாவணி பாடுவதும் உண்டு. நம்முடைய தோட்டங்களிலே இது கூத்தாக ஆயிற்று.

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் கம்பம் நடுவார்கள். கரும்பும் ஆமணக்கும் சேர்த்துக் கட்டி, வைக்கோல் பிரி சுற்றி, வறட்டி வைத்து நட்ட கம்பம்தான் காமன். அன்றிலிருந்து பௌர்ணமி வரைக்கும் ஒவ்வோர் இரவும் அந்தப் பொட்டலில் தப்புச் சத்தம்.

ஏன் மாசி என்று கேட்டால் பஞ்சாங்கக்காரர் ஒரு காரணம் சொல்வார். றப்பர்த் தோட்டத்துக்காரன் வேறொன்று சொல்வான். தை, மாசியில்தான் றப்பர் மரம் இலை கொட்டுகிறது. கொட்டுவதற்கு முன் இலை செம்பு நிறமாகும். பிறகு ஒரு காற்றடித்தால் போதும், மலை முழுக்கச் சருகு. கால் வைத்தால் அப்பளம் நொறுங்கின மாதிரிச் சத்தம். மரத்தில் பால் குறைந்துவிடும். விடியுமுன்னே எழுந்து சிரட்டை சிரட்டையாகப் பால் எடுக்கிற சனத்துக்கு அந்த நாட்களில் வேலையும் குறைவு, வருமானமும் குறைவு. மழையும் இல்லை. பட்ட மரங்களுக்கிடையே நிலா நேரே தரைக்கு வரும். வேறு எந்த மாதத்திலும் எங்கள் மலையில் நிலா அப்படித் தரையில் விழுந்து நான் பார்த்ததில்லை. கூத்துக்கு அதைவிட வேறு விளக்கு வேண்டாம்.

இருந்தாலும் பெற்றோல்மக்ஸ் வேண்டும் என்பார்கள். மாவனல்லைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் முதலாளி, கூலி வாங்காமல் இரண்டு விளக்குக் கொடுப்பார். மண்ணெண்ணெய் மட்டும் நம்முடைய செலவு. ரதிக்குப் பட்டுச் சேலை கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து வரும், விடிந்ததும் மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கண்டிப்போடு. கிரீடங்கள் மட்டை வெட்டி, சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் ஒட்டிச் செய்தவை. கிராமத்துச் சிங்களச் சனமும் பந்தம் பிடித்துக்கொண்டு மேட்டில் வந்து உட்காரும். வீரபத்திரன் வருகிற இரவு அவர்களுக்குப் பிரியமானது. வார்த்தை விளங்க வேண்டியதில்லை, வீரபத்திரனைக் கண்டு பயப்படுவதற்கு மொழி எதற்கு?

ஆடுகிறவர்கள் எல்லோரும் காப்புக் கட்டிக்கொண்டவர்கள். பதினைந்து நாள் விரதம். ரதியாக ஆடுகிறவரும் ஆண்தான். என் சிறுவயதில் ரதி ஆடியவர் பகலில் ஸ்டோரில் றப்பர் சீற் புகை போடுகிறவர். நெடிய மனிதர், மீசையை அந்தப் பதினைந்து நாளுக்கு மட்டும் எடுத்துவிடுவார். மீசை எடுத்த மறுநாள் பிரட்டுக்களத்தில் அவரைப் பார்த்து ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். பெரிய கங்காணி கூட அந்த நாட்களில் அவரை அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. தோட்டத்தில் ஒரு சாதாரண வேலையாளுக்கு அப்படி ஒரு மரியாதை கிடைக்கிற பதினைந்து நாட்கள் வருடத்தில் வேறு எப்போதும் இல்லை.

தப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் விடியற்காலை பிரட்டுக்கு ஒரு அடி. சாவுக்கு ஒரு அடி. காமனுக்கு ஒரு அடி. தூக்கத்தில் கேட்டாலும் பிள்ளைகளுக்கு எது எது என்று தெரியும். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதை விடியற்காலைப் பறையொலியில்தான் தொடங்குகிறது. அது ஆளை வேலைக்கு விரட்டுகிற ஒலி. காமன் தப்பு அப்படியல்ல. அதே தோல், அதே கை, அதே குச்சி. ஆனால் அது யாரையும் விரட்டுவதில்லை, வா என்று கூப்பிடுகிறது.

கடைசி இரவு பெரிய இரவு. எமன் வருவான், குறவன் குறத்தி வந்து சனத்தைச் சிரிக்க வைப்பார்கள், தூதன் ஓலை கொண்டுவருவான். சாமம் கழிந்து சிவன் கண் திறப்பார். கம்பத்தில் தீ வைப்பார்கள். ஆமணக்கு பச்சையாக இருந்தால் சடசடவென்று வெடிக்கும். நெருப்பு அடங்கினதும் தப்பு நிற்கும். அந்த நிசப்தத்தில் ரதி அழத் தொடங்குவாள்.

அந்த அழுகைதான் கூத்து. மற்றதெல்லாம் அதற்கு வழி.

காமன் வாத்தியாரிடம் ஒரு எண்பது பக்கக் கொப்பி இருந்தது. அதற்கு அவர் மெழுகுதுணி உறை போட்டிருந்தார். கூத்து முழுவதும் அதில் இருக்கிறது என்று எல்லோரும் நம்பினோம். அவருடைய தகப்பனார் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஏட்டைப் பார்த்து எழுதியது என்பார்கள். பௌர்ணமி கழிந்ததும் கொப்பி மாரியம்மன் கோயிலுக்குள் போய்விடும், அடுத்த மாசிக்குத்தான் வெளியே வரும்.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று சனத்தைப் பங்கு போட்டார்கள். கொப்பிகளைப் பற்றி அந்த ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை. 1972இல் எங்கள் வாத்தியாருக்குப் பயண நாள் வந்தது. கோயிலுக்குள் இருந்த கொப்பியை எடுத்துப்போவதா, விட்டுப்போவதா என்று லயத்தில் ஒரு கூட்டமே நடந்தது. “அவங்க அப்பன் எழுதினது, அவருதான் கொண்டு போகணும்” என்று முடிவாயிற்று. இப்போது யோசித்தால், பிரதி எடுக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லையே என்று வேதனையாக இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். வாத்தியார் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினார். நீலகிரியில், கூடலூர்ப் பக்கத்தில் தேயிலை எடுக்கிறார் என்று ஒரு கடிதம் வந்தது. 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தோட்டங்கள் அங்கே இவர்களைப் போன்றவர்களுக்காகவே இருந்தன. பிறகு கடிதம் இல்லை. 1984இல் கப்பலே நின்றுவிட்டது.

கொப்பி போன மறு வருடமும் காமன் நட்டோம். ஆட்டக்காரர்கள் தங்கள் தங்கள் பாட்டைத் தலையிலிருந்து பாடினார்கள். ரதியின் அழுகை மட்டும் பாதியில் நின்றது. ஸ்டோர்க்கார ரதியும் முதல் கோஷ்டியோடு இந்தியா போயிருந்தார். புது ரதிக்குப் பாதிதான் தெரியும். அடுத்து 1974, பஞ்ச வருடம். கம்பம் நட்டோம், ஆனால் பதினைந்து இரவு ஆட எவர் உடம்பிலும் தெம்பு இல்லை. அப்புறம் 1977, 1981, 1983. இந்த மாகாணத்துத் தோட்டத் தமிழ்ச் சனத்துக்கு இந்த வருடங்களை விளக்கத் தேவையில்லை. இரவில் பொட்டலில் கூடுவது என்றால் பயம். தப்புச் சத்தம் கிராமத்துக்குக் கேட்கக்கூடாது என்று மெதுவாக அடித்த காலமும் உண்டு. மெதுவாக அடிக்கிற காமன் தப்பை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்காமலே இருந்திருப்பது நல்லது.

1986இல் நான் உதவி ஆசிரியனாக இருந்தபோது ஒரு கசற் றெக்கோடர் கையில் கிடைத்தது. இரவல்தான். நாட்டார் பாடல் தொகுக்கிற ஆசை அப்போது எங்களுக்கெல்லாம் இருந்தது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் அடுத்த வருடம்தான் புத்தகமாக வந்தது, அவர் மறைந்து மூன்று வருடம் கழித்து. காமன் பாட்டு யாருக்குத் தெரியும் என்று ஆண்களிடம் விசாரித்து விசாரித்துக் களைத்துப்போனேன். ஒரு நாள் எங்கள் அம்மாயி, என் தாயைப் பெற்றவள், குந்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னாள்: “ஏன் தம்பி ஊரெல்லாம் கேக்குற? ரதி அழுறது முழுக்க எனக்குத் தெரியுமே.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பொட்டலில் பெண்கள் ஆடுவதில்லை. ஆகவே பெண்களிடம் பாட்டு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அவர்கள் நாற்பது மாசி மேட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். ஒப்பாரி என்பதோ அவர்களுடைய கையிருப்பு. கேட்டதை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களா?

“பாடு அம்மாயி” என்று பொத்தானை அழுத்தினேன். அவள் கையால் மறைத்துக்கொண்டாள். “வீட்டுக்குள்ள ரதி அழக்கூடாது. வீட்டுக்கு ஆகாது. மாசி வரட்டும், பொட்டல்ல பாடுறேன்” என்றாள்.

மாசி வந்தது. பொட்டலுக்கு அழைத்துப் போனேன். மேட்டில் பெண்களோடு உட்கார்ந்து, ரதி அழத் தொடங்கியதும் அவளும் தாழ்ந்த குரலில் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த கிழவிகளும் சேர்ந்துகொண்டார்கள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் நாடாவில் முதல் கால் மணி நேரம் தப்பு, இருமல், ஒரு குழந்தையின் அழுகை. நடுவிலே ஒரு பத்து நிமிடம் மட்டும் தெளிவு. அடுத்த வருடம் நல்ல ஒலிவாங்கியோடு போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாசிக்கு அம்மாயி இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தை எழுதி வைத்தேன். ஸ்வாபோவைப் போல நானும் காதால் கேட்டதை எழுதினேன் என்று பெருமை பேசலாம். ஆனால் அவர் தீவு தீவாக அலைந்தார். நான் ஒரு நாடாவோடு நின்றுவிட்டேன்.

மலையகம் 200 என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த ஆண்டில்தான் மற்றப் பாதி கிடைத்தது. அந்த நடையைப் பற்றிய செய்திகளைத் தொலைபேசியில் பகிர்ந்துகொண்ட கூட்டத்தில் கூடலூர்ப் பையன் ஒருவன் இருந்தான். வாத்தியாரின் பேரன். கொப்பி அவன் வீட்டில் இருக்கிறதாம். இரண்டு நாளில் எண்பது பக்கமும் படமாக என் தொலைபேசிக்கு வந்து சேர்ந்தது. மெழுகுதுணி உறை உட்பட.

இரவோடிரவாக உட்கார்ந்து, அம்மாயி பாடினதையும் கொப்பியையும் ஒத்துப் பார்த்தேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எடுத்தேன், நேயர்களே. இரண்டும் ஒன்றல்ல.

கொப்பியில் இருக்கிற ரதி அழகாக அழுகிறாள். மலர்ப்படுக்கை, மஞ்சள், தாலி, விதி, முன்வினை என்று வரிசையாகப் போகிறது. எதுகை மோனை தவறவில்லை. யாரோ படித்த புலவர் செய்தது. அம்மாயியின் ரதியும் அப்படித்தான் தொடங்குகிறாள். கொஞ்ச தூரம் போனதும் கொப்பியை விட்டுவிட்டுத் தன் பாட்டில் போகிறாள். சிவனைப் பார்த்து வழக்குப் பேசுகிறாள். அனுப்பினவன் இந்திரன், அவன் மாளிகையில் சுகமாக இருக்கிறான், ஏவின வேலைக்கு வந்தவனையா எரிப்பது என்று கேட்கிறாள். என் புருஷன் பேர் செக்றோலில் இருக்கிறதே, அதை யார் அடித்தது என்கிறாள். அவன் மட்டும் எனக்குத் தெரிவான், ஊருக்குத் தெரியமாட்டான் என்றால், நான் ஊருக்கு என்ன என்று சொல்ல, விதவை என்றா, சுமங்கலி என்றா என்று கேட்கிறாள். இந்த வரிகள் எந்த ஏட்டிலிருந்தும் வந்திருக்க முடியாது. செக்றோல் இல்லாத ஊரில் செக்றோலைப் பற்றி யாரும் அழ மாட்டார்கள். எந்தக் கிழவி சேர்த்தாள், எந்த வருடத்தில் சேர்த்தாள் என்பதற்குக் கணக்கு இல்லை. மேட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் கீழே ஆடுகிற ஆணின் ரதிக்குத் தங்கள் ரதியைத் தாழ்ந்த குரலில் சேர்த்திருக்கிறார்கள்.

கொப்பியைக் கொண்டுபோனதால் கூத்துப் போயிற்று என்று ஐம்பது வருடம் நான் புலம்பிக்கொண்டிருந்தது சரியல்ல என்று தெரிந்தது. கொப்பி இங்கேயே இருந்திருந்தால் நாங்கள் அதை அச்சிட்டு, இதுதான் காமன் கூத்து என்று சொல்லியிருப்போம். அம்மாயியின் அடிகளைப் பிழை என்று வெட்டியிருப்போம். நானே வெட்டியிருப்பேன்.

இப்போது நிலைமை எப்படி என்று கேட்பீர்கள். பல தோட்டங்களில் பதினைந்து நாள் மூன்று நாளாயிற்று, சில இடங்களில் ஒரே இரவு. பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் வேலை. தீபாவளிக்கு லீவு உண்டு, மாசிப் பிறைக்கு எந்த முதலாளி லீவு கொடுப்பான்? கலைவிழாப் போட்டிகளில் காமன் கூத்து மேடையேறுகிறது. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருபது நிமிடத்துக்குள் கல்யாணம் செய்து, எரிந்து, அழுது, கைதட்டும் வாங்க வேண்டும் என்றால் ரதி பாவம். 2016 மே மாதம் அரநாயக்கையிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்ததே, அதற்குப் பிறகு சரிவில் இருக்கிற பொட்டலில் இரவிலே கூடத் தாய்மார் பயப்படுகிறார்கள். அதுவும் நியாயம்.

இன்னொரு நியாயமும் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் நான் பாதி உண்மை பேசினவன் ஆவேன். தப்பு அடிக்கிறவர்களை நாம் எங்கே நிறுத்தினோம்? அவர்கள் அடித்தால்தான் காமன் வருவான். ஆனால் பந்தியில் அவர்களுக்குக் கடைசி இடம், கோயில் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும், கூலி என்று ஒரு போத்தல் சாராயம். அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். “இனிமே தப்பு அடிக்க மாட்டோம்” என்று சொன்னார்கள். தோட்டக் கமிட்டியில் பெரியவர்கள் கொதித்தார்கள், பாரம்பரியம் என்றார்கள். பிள்ளைகள் சொன்னது சரி என்பதுதான் என் எண்ணம். அதனால் கூத்துக்குச் சேதம் வந்தது என்பதும் உண்மை. இரண்டு வருடம் ஒலிபெருக்கியில் நாடாவைப் போட்டுக் காமனை எரித்தோம். அந்த இரண்டு வருடமும் மேட்டில் இருந்த பெண்கள் வாயே திறக்கவில்லை.

சென்ற மாசியில் அந்தத் தப்புக்காரரின் பேரன், கணக்கியல் படிக்கிற பையன், தானாகக் கமிட்டிக்கு வந்தான். அடிக்கிறேன், ஆனால் நிபந்தனை இருக்கிறது என்றான். சாராயம் வேண்டாம், மற்றவர்களுக்கு என்னவோ அதே காசு வேண்டும். பந்தியில் முதல் வரிசை. நோட்டிசில் தன் பாட்டன் பெயரை முதலில் போட வேண்டும். தப்பு வேண்டுமென்றால் எந்த லயத்துப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுப்பான், அவர்களும் அவனோடு நின்று அடிக்க வேண்டும். கமிட்டியில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் கையெழுத்து வைத்தார்கள். ஏழு பையன்களும் இரண்டு பெண் பிள்ளைகளும் தப்புப் பழகினார்கள். கொழும்பிலிருந்து அதற்காகவே லீவு எடுத்துக்கொண்டு வந்த பையன் ஒருவனும் இருந்தான். முதலாளியிடம் பாட்டி செத்துப்போய்விட்டாள் என்று சொன்னானாம்.

மூன்று இரவுதான் ஆடினோம். இலை எல்லாம் கொட்டியிருந்தது. கூடலூர்க் கொப்பியைப் பார்த்துப் பழகின புது ரதி, மத்திய வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிற இளைஞன், கம்பம் எரிந்து தப்பு நின்றதும் அழத் தொடங்கினான். தாலி வந்தது, விதி வந்தது, முன்வினை வந்தது. கொப்பி அந்த இடத்தோடு முடிகிறது. அவன் வாயை மூடின நேரம் மேட்டிலிருந்து ஒரு கிழக்குரல் இந்திரனைக் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு ஏழெட்டு. இளைஞனுக்கு அந்த அடி தெரியாது. தலைவிரி கோலமாக, இரவல் பட்டுச் சேலையில், சாம்பலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டபடி மேட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தான். தப்புப் பிடித்திருந்த பையனும் குச்சியைத் தாழ்த்திக்கொண்டான். பெண்கள் செக்றோல் வரைக்கும் வந்துவிட்டார்கள். நான் தொலைபேசியை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கினேன், இந்த முறை ஒருவரும் இருமவில்லை.